வாரியத்தின் பார்வை நாள்

சூடாமணி நெற்றியிலிருந்து பொட்டை உரித்து வாரிய அலுவலகத்தின் சன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வியர்வையில் அது புருவம் வரை வழுக்கி வந்திருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வது அவள் எண்ணம். வீட்டில் குளிக்கப் போகும்போதும் அலமாரிக் கண்ணாடியில் அப்படித்தான் ஒட்டிவிட்டுப் போவாள்.

"நாக்கு ஒட்டுது. ஒரு நாரங்கா வெள்ளம் வாங்கிட்டு வாங்க. உப்பு போடச் சொல்லுங்க," என்றாள்.

நான் கேட்டுக்கு வெளியே இருந்த பெட்டிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தபோது முற்றத்திலிருந்து மாடம்மாளின் குரல் கேட்டது.

மேலே சொல்வதற்கு முன்னால், ஓர் அரசாங்க அலுவலகத்தின் சன்னலில் முகம் பார்க்க முடிந்தது எப்படி என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சாக்குத் தைப்பவர்களுக்கும் சாக்கில் மார்க் எழுதுபவர்களுக்கும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு நல வாரியம் உண்டு. என் மனைவி சூடாமணியும் மாடம்மாளும் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் ஒரே அரிசி மண்டியில் கோணி ஊசி பிடித்தவர்கள். நான் அதே மண்டியில் மூட்டைகளின் மேல் கறுப்பு மையால் மண்டியின் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதுபவன். மூன்று பேரும் வாரியத்தின் உறுப்பினர்கள். வாரியத்தின் அட்டை இல்லாவிட்டால் மண்டியில் வேலை கொடுக்க மாட்டார்கள். அந்த அட்டையை ஆண்டுதோறும் மீன மாதத்தில், நம் பங்குனி வெயிலில், புதுப்பிக்க வேண்டும். உறுப்பினர் உயிரோடு இருக்கிறார் என்பதை அதிகாரி தம் கண்ணால் காண வேண்டும் என்பது விதி. அதற்குப் பார்வை நாள் என்று பெயர்.

ஆரம்பத்தில் நாங்கள் உள்ளே போவோம். மின்விசிறிக்குக் கீழே பெஞ்சு கிடக்கும். சூப்பிரண்டு சுசீலாபாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "ம், ஜீவனோடதான் இருக்கு," என்பார். அட்டையில் முத்திரை விழும். அவ்வளவுதான்.

அலுவலகம் மேற்கு பார்த்த கட்டடம். ஒரு சுவர் முழுக்கச் சன்னல்கள். உச்சிப்பொழுது தாண்டினால் மேசைகளின் மேல் வெயில் விழும். இதைப் பற்றி ஊழியர்கள் முறையிட, வெப்பத்தை ஆராய ஓர் உபசமிதி அமைக்கப்பட்டது. உபசமிதி வெயில் விழுவதை நேரில் காண விரும்பியது. ஆனால் அது கூடியதெல்லாம் இடவப்பாதி மழையில். ஆகவே இரண்டு ஆண்டுகள் வெயில் இல்லை என்றே அறிக்கை கொடுத்தது. மூன்றாம் ஆண்டு எப்படியோ வெயிலில் கூடிவிட்டார்கள். இரண்டு ஏ.சி. இயந்திரங்களும், சன்னலுக்கு வெப்பத்தைத் திருப்பும் ஃபிலிமும் வாங்குவதென்று முடிவாயிற்று.

ஃபிலிம் ஒட்டியதற்கும் ஒரு திறப்பு விழா நடந்தது. நிலவிளக்கு ஏற்றினார்கள். கைதட்டுவதற்கு எங்களை அழைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் மேசையில் இரண்டு கண்ணாடிச் சட்டங்களை நிறுத்தினார். ஒன்று வெறும் கண்ணாடி. மற்றதில் ஃபிலிம் ஒட்டியிருந்தது. தாளைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் அது, அதில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்திருக்கிறோம், கண்ணாடியின் உட்பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி ரப்பர் பட்டையால் வழித்துவிட்டால் தீர்ந்தது, என்றார். வெயிலில் கொஞ்சத்தை உள்ளே விடும், கொஞ்சத்தைக் கண்ணாடியே வாங்கிக்கொள்ளும், பெரும்பகுதியை வந்த பக்கமே திருப்பி அனுப்பிவிடும்.

காட்டுவதற்கு ஒரு பெரிய சூட்டு பல்பு வைத்திருந்தார். அதைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் சார்பில் சூடாமணியை அழைத்தார்கள். அவள் சட்டங்களுக்கு முன்னால் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செயலர் சந்திரமோகன் வெறும் கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தார், உடனே இழுத்துக்கொண்டார். பிறகு ஃபிலிம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். முகம் மலர்ந்தது.

"எந்தொரு தணுப்பு," என்றார்.

"சார், இந்தப் பக்கம் நல்லா சுடுது," என்றாள் சூடாமணி.

"கரெக்ட்," என்றார் கம்பெனிக்காரர். "அந்தப் பக்கம் சுட்டாத்தான் ஃபிலிம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

எல்லாரும் கைதட்டினோம். சூடாமணியும் பல்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டினாள்.

செயலர் எங்களுக்காகத் தமிழில் பேசினார். "இந்த ஆபீசில இனி சூடுன்னு ஒரு சாதனம் இல்லை. நம்ம அதை நசிப்பிச்சில்ல, கேட்டோ. அகிம்சை முறையில திருப்பி அயச்சு. எங்கோட்டு அயச்சுன்னு நிங்கள் கேக்கலாம். வெளியிலோட்டு. வெளி எங்கள் அதிகாரத்தில வராது."

கடைசியாகக் கம்பெனிக்காரர் ஃபிலிமின் இன்னொரு குணத்தையும் சொன்னார். எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. வெளிச்சம் குறைந்த பக்கம் இருப்பவருக்கு அது சாதாரணச் சன்னல். பகலில் உள்ளே இருப்பவர் வெளியே எல்லாவற்றையும் பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. ராத்திரி விளக்குப் போட்டால் இது அப்படியே தலைகீழாகும், அதனால் ராத்திரிக்குத் திரைச்சீலை போட்டுக்கொள்ளுங்கள், என்றார். முதல் பாதியைக் கேட்டதுமே செயலர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். இரண்டாம் பாதி அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த யோசனை அடுத்த பார்வை நாளுக்குள் உத்தரவாக வந்தது. உறுப்பினர்கள் உள்ளே வந்தால் கதவு திறக்கிறது, கதவு திறந்தால் குளிர்ச்சி போகிறது. ஆகவே இனி முற்றத்தில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டில் சன்னலைப் பார்த்து நின்றால் போதும். அதிகாரி உள்ளிருந்தே கண்டுகொள்வார். இதனால் உறுப்பினரின் மரியாதையும் காக்கப்படும், அதிகாரியின் முகத்தைப் பார்த்து அவர் பதற வேண்டியதில்லை.

நின்றோம். முதுகில் ஒரு சூரியன், சன்னலில் இன்னொரு சூரியன். எங்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு நிழலும் பின்னால் ஒரு நிழலும் விழுந்தன. ஒதுங்கி நிற்க ஒரு நிழலும் இல்லை. ஏ.சி. இயந்திரங்களின் பின்பக்கம் முற்றத்தைப் பார்த்து அனல் விட்டுக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் சுசீலாபாய் பேசினார்.

"குடை பிடிக்கருது. முகத்தில நிழல் விழுது."

குடையை மடக்கினோம். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டார்கள்.

"சேலை தலையில வேண்டாம். ஆளு யாருன்னு தெரியணும்."

முந்தானையை எடுத்தார்கள்.

"சும்மா நின்னா எப்படி? ஜீவன் உண்டுங்கறதுக்குக் கை காட்டணும். பேர் விளிக்கும்போ ஒரு கை பொக்கிக் காட்டணும்."

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. பெயர் கூப்பிட்டதும் உறுப்பினர் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்துவார். கண்ணாடியிலிருந்து அவரே அவருக்குக் கையை உயர்த்திக் காட்டுவார். "கண்டு. அடுத்த ஆள்," என்று ஒலிபெருக்கி சொல்லும்.

"நமக்கு நாமளே வணக்கம் வச்சுக்கிட்டு வாரோம், மைனி," என்பாள் மாடம்மாள்.

"அதுக்காவது ஆளு இருக்கே," என்பாள் சூடாமணி.

இனி நாரங்கா வெள்ளத்துக்கு வருகிறேன்.

தம்ளரோடு ஓடி வந்தபோது சூடாமணி மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை, அந்தத் தரையில் அவள் கன்னம் கிடந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்து வாயில் கொஞ்சம் விட்டேன். கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது. வியர்வை நின்றிருந்தது.

மாடம்மாள் சன்னலைப் பார்த்து இரண்டு கைகளையும் வீசினாள். வரிசையில் நின்ற எல்லாரும் வீசினார்கள். "தண்ணி," "ஜீப்பு," என்று கத்தினார்கள். வாரியத்தின் ஜீப்பு போர்ட்டிகோ நிழலில் நின்றது. உள்ளே குடிதண்ணீர் எந்திரமும் தொலைபேசியும் முதலுதவிப் பெட்டியும் உண்டு, அதெல்லாம் நாங்கள் உள்ளே போய்வந்த காலத்தில் பார்த்ததுதான். கதவு சாத்தியிருந்தது. "தணுப்பு போகும். திறக்கருது" என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. சிலர் கதவைத் தட்டினார்கள். சிலர் சன்னலைத் தட்டினார்கள். கண்ணாடிக்குள் எங்களைப் போலவே ஒரு கூட்டம் எங்களைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்து கத்திக்கொண்டிருந்தது. வேறு யாரும் தெரியவில்லை.

ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது: "கண்டு. கண்டு. கண்டு."

பிறகு கதவு ஓர் ஆள் அளவுக்குத் திறந்தது. பியூன் வெளியே தலையை நீட்டினார். "கண்ணாடியில தட்டருது, ஃபிலிம் இளகிப்போகும்," என்றவர் கீழே பார்த்தார். "ஐயோ, இது எப்போ," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு, என்ன செய்வதென்று கேட்பதற்காக உள்ளே போனார்.

சாலைக் கம்போளத்துக்குப் போகும் ஓர் ஆட்டோவை மாடம்மாள்தான் மறித்தாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுக்காரர். அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு நேரம் எதுக்கு வெயில்ல நிக்க வச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை நான் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்று நினைத்தேன்.

வீட்டில் கிடத்தியபோது பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். புருஷன் இருக்க நெற்றி வெறுமையாய்ப் போனாளே என்றாள் ஒருத்தி. மாடம்மாள் அழுதுகொண்டே குங்குமத்தைக் குழைத்து வைத்தாள்.

எனக்கு உதவித்தொகை வேண்டியிருக்கவில்லை. அவள் விழுந்ததை உள்ளே இருந்தவர்கள் பார்த்தார்கள் என்று வாரியம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி போதும் என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரிகைகளில் ஒரு மூலையில் செய்தி வந்திருந்ததால் ஒருநபர் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி வெங்கடசுப்ரமணியன் கமிஷனராக வந்தார். வலியசாலைக்காரர், தமிழர். எனக்குச் சற்றுத் தெம்பாக இருந்தது.

சுசீலாபாய் முதலில் சாட்சி சொன்னார்.

"அன்னைக்கு விசேஷமா ஒண்ணும் இல்ல சார். சொல்லப்போனா உறுப்பினர்மார் இத்தர ஒத்துழைச்சு நான் கண்டதே இல்ல. சாதாரணமா ஒரு கையத்தான் சோம்பேறியா பொக்குவா. அன்னைக்கு எல்லாரும் ரெண்டு கையும் பொக்கி ஆட்டினா. ஒரே நேரத்தில வரிசை முழுக்க கண்டு முடிச்சாச்சு."

"பேஷ்," என்றார் கமிஷனர். "இறந்துபோன அம்மா நடத்தை எப்படி?"

"அவங்க நடத்தையப் பத்தி கேக்கவே வேண்டாம் சார். எனக்க மேசைக்கு நேரே நிக்கறாங்க. நெத்தியில இருந்த பொட்டைப் பறிச்சு சர்க்கார் கண்ணாடியில ஒட்டறாங்க. எனக்கு வந்த தேஷ்யம். சரி, முகம் துடைச்சதும் எடுப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எடுக்கல்ல. அப்படியே கீழே இருந்துட்டாங்க."

நான் எழுந்தேன். "அப்போ பாத்தீங்க இல்லையா, அம்மா?"

"கார்டுக்காகப் பாத்தேன்," என்றார் சுசீலாபாய்.

கமிஷனர் என்னைப் பரிவோடு பார்த்தார். "வேலப்பன், உம்ம துக்கம் எனக்குப் புரியறது. ஆனா நீர் ஒண்ணை யோசிக்கணும். அட்டைக்காகப் பார்க்கிறது உத்தியோகம். அதுக்கு மேலே பார்த்தா அதுக்கு வேடிக்கைன்னு பேரு. ஆபீஸ் நேரத்துல ஊழியா வேடிக்கை பார்த்தான்னு நான் எழுதினா அவாளுக்கெல்லாம் மெமோ போகும். ஒரு குடும்பஸ்தர் நீர், அதை விரும்புவீரா?"

அடுத்து நேரடிச் சோதனை. உள்ளிருந்து வெளியே பார்த்தால் தெரியுமா தெரியாதா என்பதைக் கமிஷனர் தம் கண்ணாலேயே தீர்மானிக்க விரும்பினார். அலுவல் நேரத்தில் சோதனை நடத்தினால் அலுவல் கெடும் என்றார் செயலர். அதனால் அலுவலகம் முடிந்து, விளக்கு வைத்த பிறகு வைத்துக்கொண்டார்கள்.

"சார், வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம்தான் முகம் தெரியும். பகலில் வச்சுப் பாக்கணும்," என்றேன்.

"வேலப்பன்," என்றார் கமிஷனர். "இது சர்க்கார் சொத்து. மத்தியானம் ஒரு குணம், சாயங்காலம் ஒரு குணம்னு அதுக்கு இருக்கப்படாது. இருந்தா டெண்டர்ல போட்டிருப்பா."

சூடாமணியின் இடத்தில் என்னையே நிற்கச் சொன்னார்கள். முற்றம் இருட்டிவிட்டது. உள்ளே குழல்விளக்குகள் எரிந்தன. முதல்தடவையாக அந்தச் சன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. குடிதண்ணீர் எந்திரம், தொலைபேசி, முதலுதவிப் பெட்டி. தட்டில் பழம்பொரி. செயலர் விரல் எண்ணெயை நாற்காலித் துண்டில் துடைத்தார். சன்னலில் இருந்து சுசீலாபாயின் மேசை, நான் கையை நீட்டினால் தொடும் தூரம். நடுவில் கண்ணாடி மட்டும்.

ஒலிபெருக்கி சொன்னபடியெல்லாம் செய்தேன். ஒரு கையை உயர்த்தினேன். இரண்டு கைகளையும் வீசினேன். கடைசியில் விழச் சொன்னார்கள். விழுந்தேன். தரையில் அப்போதும் பகல் சூடு மிச்சமிருந்தது. அவள் கிடந்த பக்கமாகத் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன். யாரும் எழச் சொல்லாததால் நானே எழுந்து கண்ணாடியருகே போனேன்.

கமிஷனரும் உள்ளே கண்ணாடியருகே வந்தார். எங்கள் முகங்களுக்கு நடுவே ஒரு சாண் இருக்கும். என் கண்களுக்குள் நேராகப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். நெற்றியில் கலைந்திருந்த விபூதியை விரலால் சரிசெய்துகொண்டார். பிறகு கண்ணாடியில் சற்றுக் கீழே ஏதோ கறை இருப்பதைக் கண்டு கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அது வெளிப்பக்கம் இருந்தது. சூடாமணியின் பொட்டு.

அறிக்கையைக் கமிஷனர் கூட்டம் கூட்டி வாசித்தார். "நானே நின்று பார்த்தேன். எவ்வளவு கூர்ந்து பார்த்தும் என்னைத் தவிர வேறு யாரையும் என்னால் காண முடியவில்லை. ஆகவே உள்ளிருந்து வெளியே எதையும் காண இயலாது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. ஊழியர்கள் குற்றமற்றவர்கள்."

மாடம்மாள் எழுந்தாள். "அப்போ உள்ள இருந்து எங்களயும் பாக்க முடியாதுல்லா? வருசா வருசம் வெயில்ல எதுக்கு நிக்கோம் சார்?"

மண்டபம் கொஞ்சம் அசைந்தது. செயலர் எழுந்து எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். "கமிஷன் ரிப்போர்ட்டு விழுந்த விஷயத்துக்கு மாத்திரம். கார்டு விஷயத்தில போர்டு எப்போதும்போல நிங்களைக் காணும். அதில ஒரு சந்தேகமும் வேண்டா."

வாரியம் அத்தோடு நின்றுவிடவில்லை. இனி இப்படி நேராமலிருக்க முற்றத்தில் ஒரு பலகை வைத்தது. உடல்நலக் குறைவு ஏற்படுவோர் கைகளை உயர்த்த வேண்டாம், அட்டைக்கான சைகையோடு குழப்பம் நேரும் என்று அதில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. தமிழ் வாசகத்தை எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள், எழுத்து நன்றாக இருக்கும் என்று. மாட்டேன் என்றேன். வேறு யாரோ எழுதினார்கள். பார்க்க நன்றாக இல்லை.

பொட்டை எடுப்பது பற்றியும் முறைப்படி ஆலோசித்தார்கள். ஃபிலிம் உட்பக்கம், அது வாரியத்தைச் சேர்ந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் கட்டடத்தைச் சேர்ந்தது, கட்டடம் மராமத்து இலாகாவைச் சேர்ந்தது. மராமத்து இலாகா ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் பார்த்துவிட்டு, இது கட்டடத்தின் பாகமல்ல, உறுப்பினரின் உடைமை என்றார். உறுப்பினர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சூடாமணி பெயருக்கு வீட்டுக்கு ஒரு தபால் வந்தது.

அதற்குப் பிறகு நிறைய மழை பெய்துவிட்டது. சுசீலாபாய் ஓய்வு பெற்றார். ஃபிலிம் ஓரங்களில் கொப்பளித்து ஊதா பாய்ந்துவிட்டது, நடுவில் பகலில் இன்னும் முகம் தெரிகிறது. ஒலிபெருக்கியில் இப்போது ஒரு சிறுவயதுப் பெண்ணின் குரல். மாடம்மாள் முழங்கால் வலியோடு வருகிறாள். கோட்டில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

மண்டி வேலையை விட முடியாததால் நானும் மீன மாதம்தோறும் போகிறேன். பெயர் கூப்பிட்டதும் கையை உயர்த்துகிறேன். "கண்டு," என்கிறார்கள். திரும்புவதற்கு முன் சன்னலருகே ஒரு நிமிடம் போய் நிற்பேன். பொட்டு அதே இடத்தில், என் தோளுக்கு நேராக இருக்கிறது. சூடாமணி என் தோள் உயரம்தான்.